நடை சாத்திய நேரத்தில்: நகரச் சுற்றுலாத் தலங்களும் வருவோர் உடல்நலமும்



‘சுற்றுலாவும் நலவாழ்வும்’ என்று பொதுவாக ஒரு தலைப்பைக் கொடுத்து, இந்தக் கல்லூரியின் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தார்கள். பொதுவாகப் பேசினால் நான் சொல்வதற்கெல்லாம் நீங்கள் தலையாட்டுவீர்கள், பிறகு எல்லோரும் காபி குடிக்கப் போய்விடுவோம். அதனால் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊரிலும் ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்கிறேன். மதுரை, மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய நான்கு சித்திரை வீதிகள். தேவைப்படும்போது அங்கிருந்து கொஞ்சம் வெளியே போய்விட்டு வரலாம்.

கோயில் பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தி, மாலை நான்கு மணிக்குத் திறக்கிறது. உள்ளூர்க்காரருக்கு இது மனப்பாடம். வேன் பிடித்து வருகிற வெளியூர்க்காரருக்கு அப்படியில்லை. ராமேசுவரத்தில் விடியற்காலையில் தீர்த்தமாடி, பலகாரம் முடித்துப் புறப்படுகிற வண்டி மதுரை வந்து சேர்வது பெரும்பாலும் அந்த வேளையில்தான். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள், மே மாதத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்று கிளம்பி வந்த குடும்பங்கள். கோபுர வாசலுக்கு வந்து, “இனி நாலு மணிக்குத்தான்” என்று சொல்லக் கேட்டு, வெறுங்காலோடு வீதியில் திரும்பி நிற்கிறார்கள். மூன்றரை மணி நேரம். சித்திரை, வைகாசியில் ஒரு நாளின் மிகக் கொடிய மூன்றரை மணி நேரம் அது. கருங்கல் பாவிய வீதி, நான்கு பக்கமும் கடைச் சுவர்கள், ஓரத்தில் ஒரு முழ நிழல்.

அந்த நேரத்தில் எழுபது வயது அம்மா எங்கே உட்காருவார், கைக்குழந்தைக்காரி எங்கே பால் கொடுப்பார், எங்கே ஒதுங்குவார்கள், எதைக் குடிப்பார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை இருந்தால் அந்த ஊரில் சுற்றுலாவுக்கான நலக் கொள்கை நடப்பில் இருக்கிறது என்று பொருள். இல்லையென்றால் அது கோப்பில் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் விவரம்.

கோப்புக்குப் பஞ்சமில்லை. 2023 செப்டம்பரில் தமிழக அரசு சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டது. சுற்றுலாவைத் தொழிலாக அங்கீகரித்த கொள்கை அது. முன்னுரிமை தரப்பட்ட பிரிவுகளில் மருத்துவ, நலவாழ்வுச் சுற்றுலாவும் ஒன்று. இதயத்துக்கும் முழங்காலுக்கும் அறுவை செய்துகொள்ள வருகிறவர்கள், எண்ணெய்க் குளியலுக்கும் யோகாவுக்கும் வருகிறவர்கள். வரட்டும், நம் மருத்துவமனைகளின் பெயர் அப்படிப்பட்டது. என் கவலை நோயாளியாக வராமல் நோயாளியாகத் திரும்புகிறவரைப் பற்றியது. சுற்றுலாவில் ‘நலம்’ என்றதும் நமக்கு விற்கத்தக்க ஒரு சரக்குதான் நினைவுக்கு வருகிறது. சரக்கில்லாத நலம் ஒன்று இருக்கிறது. தண்ணீர், நிழல், கழிப்பறை, கெடாத சோறு. இதற்கு விளம்பரப் படம் எடுக்க முடியாது.

இதை இந்த மண் புதிதாகக் கற்க வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை. காலரா திருவிழாக்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் பயணம் செய்த காலம் ஒன்று இருந்தது. 1865இல் மெக்காவில் ஹஜ் பயணிகளிடையே பரவிய காலரா ஐரோப்பா வரை போனதும், அடுத்த ஆண்டே கான்ஸ்டாண்டிநோபிளில் பல நாட்டு அரசுகள் கூடி மாநாடு நடத்தின. யாத்திரிகரின் உடல்நலம் உலக அரசியலின் மேசைக்கு வந்தது அப்படித்தான். நம் பக்கத்தில் அந்த அனுபவமெல்லாம் திரண்டு வந்த சட்டம், 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இன்றைக்கும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. அதில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே தனி அத்தியாயம் உண்டு. விழா எல்லையை வரையறுக்க வேண்டும், நடத்துகிறவர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், குடிநீர், துப்புரவு, தங்குமிடம், உணவின் தரம், தொற்றுத் தடுப்பு, மருத்துவ உதவி எல்லாவற்றையும் உள்ளாட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். சுற்றுலாத் துறை என்ற ஒன்று பிறக்கும் முன்பே, வருகிறவரின் உடம்புக்கு ஊர் பொறுப்பு என்று எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தச் சட்டம் விழா நாட்களை நினைத்து எழுதப்பட்டது. இன்று மதுரைக்கு விழா நாள், சும்மா நாள் என்ற பேதம் குறைந்துவிட்டது. வாரக் கடைசி ஒவ்வொன்றும் ஒரு குட்டித் திருவிழா. ஆனால் ஏற்பாடு இன்னும் விழா மனநிலையிலேயே இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு நடமாடும் கழிப்பறை வரும், மருத்துவ முகாம் வரும், குடிநீர்த் தொட்டி வரும். கொடி இறங்கியதும் எல்லாம் லாரி ஏறிப் போய்விடும். சாதாரண சனிக்கிழமைக்கு எதுவும் மிஞ்சாது.

யாரைக் கேட்பது? மதில் சுவருக்கு உள்ளே இந்து சமய அறநிலையத் துறையின் கோயில் நிர்வாகம். வெளியே வீதி மாநகராட்சிக்கு. தெருவோரக் கடைக்கு மாநகராட்சியும் விற்பனைக் குழுவும், அந்தக் கடையில் வேகிற உணவுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை. வண்டிகளுக்குப் போக்குவரத்துக் காவல். கொஞ்சம் தள்ளியிருக்கிற திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறைக்கு. வருகிறவருக்கு வரைபடம் கொடுக்க சுற்றுலாத் துறை அலுவலகம் மேல வெளி வீதியில். வருகிறவருக்கு இவையெல்லாம் சேர்ந்து ‘மதுரை’ என்ற ஒரே இடம்தான். அவர் வயிற்றுப்போக்கோடு ஊர் திரும்பினால் அது எந்தத் துறையின் எல்லைக்குள் தொற்றியது என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் எல்லோருக்கும் நியாயமான விடை இருக்கும். பொறுப்பு துறைகளுக்கு நடுவே உள்ள சந்தில் விழுந்து கிடக்கும்.

சுத்தம் பற்றி ஒரு சொல். 2017இல் மீனாட்சி அம்மன் கோயில், நாட்டின் மிகத் தூய்மையான அடையாளச் சின்னம் என்ற ‘ஸ்வச் ஐகானிக் பிளேஸ்’ விருதைப் பெற்றது. நியாயமான விருது. சித்திரை வீதிகளை அப்போது பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். 2025 ஜூலையில் வெளியான மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 40 நகரங்களில் மதுரை 40ஆவது இடம். மதிப்பெண் போடும் முறையில் குறை சொல்லலாம், சொன்னார்கள். இருந்தாலும் இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு வீதியைப் பளபளப்பாக வைத்துக்கொள்ளத் தெரிந்த ஊருக்கு, ஐந்தாவது வீதிக்குள் அந்தத் திறமையைக் கொண்டுபோக முடியவில்லை. ஈக்கு வீதிக்கணக்கு தெரியாது. அடுத்த சுற்றான ஆவணி மூல வீதிச் சாக்கடையில் உட்கார்ந்த ஈ சித்திரை வீதி லட்டில் வந்து உட்காரும்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் பழைய அறம். இன்றும் பங்குனி முடிவதற்குள் கட்சிக் கொடியோடு நீர்மோர்ப் பந்தல்கள் முளைக்கும். திறப்பு விழாவில் தர்பூசணி, வெள்ளரி, புகைப்படம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பானையின் அடியில் கொஞ்சம் வண்டல். நான் குறை சொல்வது கொடையை அன்று. கொடுக்கிற மனம் உள்ள ஊரில் பராமரிக்கிற கை இல்லை என்பதைத்தான்.

அடுத்து ‘ஆர்.ஓ.’ இயந்திரம். அது வைத்துவிட்டால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. அந்த இயந்திரம் உப்பை எடுக்கும்போது, குழாய் நீரில் காவலாக இருந்த குளோரினையும் எடுத்துவிடும். அதன் பிறகு தண்ணீர் மூடி சரியில்லாத தொட்டியில் இரண்டு நாள் நின்றால், கிருமி புகுந்தாலும் தடுக்க ஆளில்லை. சங்கிலியில் கட்டிய எவர்சில்வர் டம்ளர் வேறு. குடிநீர்க் குழாயின் கடைசி முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். குளோரோஸ்கோப் என்று ஒரு சிறு பெட்டி, ஒரு சொட்டு மருந்து, தண்ணீர் மஞ்சளாக மாறுகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம். சுகாதார ஆய்வாளர் கையில் மட்டும் இருக்கிற அந்தப் பெட்டியைக் கோயில் ஊழியர் ஒருவர் கையில் கொடுத்து, காலையில் ஒரு தடவை, நடை திறக்கும் முன் ஒரு தடவை பார்த்துச் சுவரில் எழுதச் சொல்லலாம். கல்வெட்டு வைக்கத் தெரிந்த நமக்குக் கரும்பலகை வைக்கவா தெரியாது?

கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். மேடையில் இதைப் பேசினால் முன்வரிசையில் சங்கடப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். பல ஆண்டுகள் சமூக மருத்துவம் கற்பித்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

கோயில்களுக்கு வேனில் வருகிற பெண்களிடம், “ஏம்மா, தண்ணி குடிக்கலையா?” என்று கேட்டுப் பாருங்கள். “போற எடத்துல வசதி எப்படியோ” என்பார்கள். காலையிலிருந்து வேண்டுமென்றே குடிக்காமல் வருகிறார்கள். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதில்லை, தண்ணீர் குடிக்காததால் வெயிலில் மயக்கம் வருகிறது, அடக்கி அடக்கி இரண்டு நாளில் நீர்க்கடுப்பு வருகிறது. ஊருக்குப் போய், “மதுரை வெயில் ஒத்துக்கலை” என்பார்கள். வெயிலுக்குப் பழி. பூட்டிக் கிடந்த கழிப்பறைக்கு ஒரு பெயரும் வராது.

கட்டடம் இருக்கிறது என்று கணக்குக் காட்டுவார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம அளவு இடம் ஒதுக்கிவிட்டதாகவும் சொல்வார்கள். சேலை கட்டியவருக்கு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு, மாதவிலக்கில் இருப்பவருக்கு நேரம் அதிகம் பிடிக்கும். சம இடம் கொடுத்தால் பெண்கள் பக்கம் மட்டுமே வரிசை நிற்கும். எந்தக் கல்யாண மண்டபத்திலும் பார்க்கலாம். முழங்கால் மடங்காதவருக்கு உட்காரும் பீங்கான் ஒன்றாவது, பிடித்து எழக் கைப்பிடி, பையை மாட்ட ஓர் ஆணி, நாப்கினைப் போட மூடியுள்ள கூடை, கை கழுவ சோப்பு. பட்டியல் இவ்வளவுதான். ஆணி பத்து ரூபாய் பெறாது. அந்த ஆணி இல்லாததால் பிரசாதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் படுகிற பாட்டை டெண்டர் எழுதுகிறவர் ஒருநாளும் பட்டிருக்க மாட்டார்.

2015இல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல யோசனை. ஆனால் பல ஊர்களில் அந்த அறைகளைப் பூட்டோடு பார்த்திருக்கிறேன். சாவி யாரிடம் என்று பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியாது. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார், பராமரிப்புக்கு யாரும் வருவதில்லை. பராமரிப்புக்கு நாடா வெட்ட முடியாதே.

கழிப்பறையைச் சுத்தம் செய்கிறவரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர், பெரும்பாலும் பெண். ஆசிட் நெடியில் நாள் முழுக்க நிற்கிறார். அவர் உட்காரத் தனி இடம் கிடையாது, சேலை மாற்ற அறை கிடையாது, மதியச் சோற்றைக் கழிப்பறை வாசலில் வைத்துச் சாப்பிடுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுற்றுலாத் தலத்தில் வேலை செய்கிறவர் உடம்பு கெடுகிற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, வருகிறவர் நலத்துக்குக் கொள்கை எழுதினால் அது பாதி எழுதிய கொள்கை.

சாப்பாட்டுக்கு வருவோம். மதுரைக்கு வருகிறவரில் பாதிப் பேர் அம்மனைப் பார்க்க, மீதிப் பேர் கறிதோசையைப் பார்க்க. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜிகர்தண்டாவைத் தூக்கிவிட்டுக் கேழ்வரகுக் கூழ் வைக்கச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. ஊருக்கு வந்தவர் ஒருநாள் பரோட்டா சாப்பிட்டால் இதயம் நின்றுவிடாது. பிரச்சினை ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது, பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்து வாணலி எண்ணெய் எத்தனையாவது நாளாகக் கொதிக்கிறது, தட்டு எந்த வாளியில் முங்கி எழுகிறது என்பதில் இருக்கிறது.

2018 ஜூலை முதல் பொரித்த எண்ணெய்க்கு ஓர் எல்லை உண்டு. திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெயில் உருவாகிற சிதைபொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. எண்ணெய்க்குள் முனையை விட்டுப் பார்க்கிற மீட்டரும் அதிகாரிகளிடம் இருக்கிறது. நடப்பது என்ன? புகார் வரும், சோதனை நடக்கும், பினாயில் ஊற்றி அழித்த கோழி இறைச்சி படத்தோடு செய்தியாகும். அடுத்த வாரம் அதே தெரு, அதே வாளி. தள்ளுவண்டிக்காரருக்குத் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது, கழிவுநீரை எங்கே கொட்டுவார், பழைய எண்ணெயை யார் காசு கொடுத்து வாங்கிப் போவார் என்று கேட்காத சோதனையால் பயம்தான் வரும், சுத்தம் வராது.

அகமதாபாதில் காங்கரியா ஏரி என்று ஒரு நகரச் சுற்றுலாத் தலம். 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாட்டின் முதல் தூய தெருவுணவு மையம் என்று அதற்குச் சான்று கொடுத்தது. அங்கே 66 கடைக்காரர்கள். யாரையும் விரட்டவில்லை. முதலில் குறைகளைக் கணக்கெடுத்தார்கள், பிறகு தண்ணீர், வெளிச்சம், குப்பைத் தொட்டி, கழிவுநீருக்கு வழி, கடைக்காரர்களுக்குப் பயிற்சி, கடைசியில்தான் தணிக்கை. தணிக்கையை முதலில் வைத்திருந்தால் 66 பேரும் ஓடியிருப்பார்கள். மதுரையில் இரவு பன்னிரண்டு மணிக்கும் இட்லி ஆவி பறக்கிறதே, அந்த வீதிகளுக்கு இந்த வரிசைமுறை கட்டாயம் பொருந்தும். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமைக்குக் குழாய் ஒன்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இனி, என்னைப் போன்ற மருத்துவர்கள் அடிக்கடி பார்த்தும் கொள்கைக்காரர் கண்ணில் படாத ஒரு விஷயம். பாதம்.

கிழக்கே அம்மன் சன்னிதி வாசலில் செருப்பை விடுகிறோம். உள்ளே சுற்றிவிட்டு, கூட்டம் தள்ளிய தள்ளலில் தெற்கு வாசல் வழியாக வெளியே வருகிறோம். செருப்போ கிழக்கில். நடுவில் பாவுகல் வீதி, பகல் பன்னிரண்டரை. உங்களுக்கும் எனக்கும் சுடும். துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுவோம். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்குச் சுடாது. பாத நரம்புகள் மரத்துப் போயிருக்கும். அவர் நிதானமாக, பக்தியோடு, சூட்டுக்கல்லில் நடந்து வருவார். ராத்திரி விடுதியில் காலைக் கழுவும்போது கொப்புளம் தெரியும். ஊர் போய் ஒரு வாரத்தில் புண். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுத்தவர்களை எனக்குத் தெரியும். வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் சர்க்கரை உள்ள மாநிலம் நம்முடையது. கோயிலுக்கு வருகிற வயதில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல்.

தேங்காய் நார் விரிப்பு போடுகிறார்கள், வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். நல்லது. விரிப்பு காய்ந்தால் அதுவும் சுடும், மணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும். பூச்சு ஒரு பருவத்தில் உதிர்ந்துவிடும். செருப்பை ஒரு வாசலில் கொடுத்து மறு வாசலில் வாங்கிக்கொள்ள வழி செய்தால் பாதி வேலை முடிந்தது. தடித்த பருத்திக் காலுறையோடு உள்ளே போகலாம் என்று கோயில் நிர்வாகமே வாசலில் எழுதி வைத்தால், சர்க்கரை உள்ளவர் கூச்சப்படாமல் போட்டுக்கொள்வார். இதற்கு ஆகம விற்பன்னர்களைக் கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள். அவர்களுக்கும் சர்க்கரை இருக்கும்.

வெப்பத்தின் கணக்கைப் பெரிய அளவில் பார்க்கலாம். 2023 ஜூலையில் ஏதென்ஸ் நகரத்து அக்ரோபோலிஸை, அனல் அலையின்போது நண்பகல் பன்னிரண்டிலிருந்து மாலை ஐந்தரை வரை மூடினார்கள். பார்வையாளர்கள் மயங்கி விழுந்ததும் ஒரு காரணம், அங்குள்ள காவலர்கள் வெயில் நேரத்தில் வேலையை நிறுத்தியதும் ஒரு காரணம். ஐரோப்பியப் பத்திரிகைகள் இதைப் பெரிய செய்தியாக எழுதின. நம் கோயில்கள் காலம் காலமாக உச்சிக்கால பூசை முடிந்து நடை சாத்துகின்றன. நேரத்தைப் பொறுத்தவரை நாம் அவர்களுக்கு முன்னோடிகள்தான். ஆனால் கதவைச் சாத்துவது பாதி ஏற்பாடு. வெளியே நிற்பவருக்கு நிழல் வேண்டும் என்பது மறுபாதி. 2024 ஹஜ்ஜில் மெக்காவின் பெரிய மசூதிப் பக்கம் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் முறையான அனுமதியில்லாமல் வந்தவர்கள். குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் அனுமதி பெற்றவர்களுக்கு இருந்தன. வெயில் எல்லோர் மேலும்தான் அடித்தது, நிழல் பெயர்ப் பதிவு செய்தவருக்குத்தான் கிடைத்தது.

நம் பக்கத்துக் கணக்கு சிறியது, ஆனால் கசப்பானது. கொரோனாவால் 2020இல் சித்திரைத் திருவிழா ரத்தாகித் திருக்கல்யாணம் மட்டும் நடந்தது, 2021இல் விழா பக்தர்கள் இல்லாமல் நடந்தது. மீனாட்சி திருக்கல்யாணத்தைக் கைப்பேசியில் பார்த்தோம். மூடி வைப்பதும் ஒரு சுகாதார நடவடிக்கைதான், அதில் நாம் தேர்ந்தோம். திறந்து வைப்பதில்தான் தடுமாறினோம். 2022 ஏப்ரல் 16, சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்கிய விடியலில் கூட்ட நெரிசலில் இருவர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 6 சென்னை மெரினாவில் விமானப்படைச் சாகசம் பார்க்க வந்த கூட்டத்தில் ஐவர் இறந்தார்கள். பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை, நிழலில்லாத கடற்கரை மணல். அதே மாதத்தில்தான் தமிழக அரசு அனல் அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

அழகர் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. வெயிலில் வருகிற அழகரைக் குளிர்விக்க, ஆட்டுத்தோலில் செய்த தோப்பறையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவார்கள். சாமி மேல் படுவது கொஞ்சம், கூட்டத்தின் மேல் படுவது நிறைய. சித்திரை வெயிலில் லட்சக்கணக்கான பேர் நெருங்கி நிற்கிற இடத்தில் இதைவிடப் பொருத்தமான குளிர்ச்சி ஏற்பாட்டை எந்த நிபுணரும் சொல்ல முடியாது. பிறகு மோட்டார் பம்ப் வந்தது. வேகமாக அடித்தார்கள், கண்ணில் அடித்தார்கள். உயர் அழுத்த பம்புக்கு நீதிமன்றம் தடை போட வேண்டியதாயிற்று. தோப்பறை நிற்க வேண்டும், பம்ப் போக வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பில் ஒரு சுகாதார அறிவு இருக்கிறது.

வெயிலுக்கு மண்டபம் கட்டத் தெரிந்த ஊர் இது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கிற புது மண்டபம், திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம். கோடையில் சாமி வந்து தங்குவதற்காகச் சுற்றிலும் தண்ணீர் நிற்க அகழி அமைத்துக் கட்டினார்கள். சாமிக்கே கோடையில் குளிர்ந்த இடம் வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். யாத்திரிகருக்கோ சத்திரங்கள் இருந்தன. ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் நிற்கிற சத்திரம் சாட்சி. புது மண்டபத்துச் சிற்பங்களுக்கு நடுவே பாய் விரிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதில் நெடுங்காலம் இருந்த தையல் கடைகளும் புத்தகக் கடைகளும் குன்னத்தூர்ச் சத்திரத்துக்குப் போனது அந்தச் சிற்பங்களைக் காக்கத்தான். நான் கேட்பது, சித்திரை வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கூடம். மின்விசிறி, வாங்குப்பலகை, தண்ணீர், கழிப்பறை, உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்து தரத் தெரிந்த ஒரு செவிலியர். பன்னிரண்டரைக்குத் திறந்து நான்கு மணிக்கு மூடுகிற கூடம். கோயிலுக்கு நேர் எதிரான நேரம். வண்டி நிறுத்தக் கட்டணத்திலிருந்து ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி, அந்த இடத்திலேயே செலவு செய்யும் அதிகாரத்தை ஒரே ஓர் ஆளுக்குக் கொடுங்கள். அவர் எந்தத் துறை என்பது எனக்கு முக்கியமில்லை. சோப்பு தீர்ந்தால் கோப்பு எழுதாமல் சோப்பு வாங்கத்தக்கவராக இருக்க வேண்டும்.

உள்ளூர்க்காரரே பயன்படுத்துகிற இடம்தான் வெளியூர்க்காரருக்கும் நலமான இடமாக இருக்கும் என்பதற்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நல்ல எடுத்துக்காட்டு. என் தலைமுறைக்கு அது கிரிக்கெட் மைதானம். தெப்பத் திருவிழாவுக்குத் தண்ணீர் நிரப்புவதே பெரும்பாடு. சில ஆண்டுகளுக்கு முன் வைகையிலிருந்து வருகிற கால்வாயைச் சீர்செய்ததும் குளத்தில் தண்ணீர் நின்றது. படகு வந்தது, மாலையில் காற்று வந்தது, கரையைச் சுற்றி நடப்பவர்கள் வந்தார்கள். சர்க்கரைக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு இளம் பெற்றோர். விளக்கு எரியவில்லையென்றால் அன்று இரவே சத்தம் போட ஆள் இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் நாளையும் வருவார்கள். கோயில் வீதியில் அவதிப்படுகிற வெளியூர்க்காரர் நாளை வரமாட்டார். அவருக்கு வாக்கும் இங்கே இல்லை. அதனால்தான் அவருடைய குறை எந்த மன்றத்திலும் தீர்மானமாக வருவதில்லை.

அந்தக் குறை மன்றத்துக்கு வர ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது: எண்ணுவது. எத்தனை பேர் வந்தார்கள் என்று சுற்றுலாத் துறை எண்ணுகிறது. எத்தனை பேர் இறந்தார்கள் என்று காவல் துறை எண்ணுகிறது. எத்தனை பேர் மயங்கி உட்கார்ந்தார்கள், யாருக்குக் கால் வெந்தது, யார் வாந்தி எடுத்தார் என்பதை வீதி வீதியாக எண்ணிப் பொதுவில் வைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. சோடா வாங்கிக் கொடுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து அனுப்பிவிடுகிறோம். அனல் அலையைப் பேரிடராக அறிவித்த மாநிலத்தில், பேரிடரில் பிழைத்தவருக்குப் பதிவேடு வேண்டாமா? நான்கு கோபுர வாசலிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பங்குனியில் தொடங்கி ஆடி வரை எழுதினால், எந்த வாசலில் பந்தல் போட வேண்டும், எந்த மணிக்குச் செவிலியர் வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். கோயில் நிர்வாகமும் மாநகர் நல அலுவலரும் அனுமதித்தால், இந்தக் கல்லூரி மாணவர்கள் முறை வைத்து நிற்கலாம். துறைத் தலைவரிடம் பேசியிருக்கிறேன், அவர் மறுக்கவில்லை.

நோட்டில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வெளியே மேசையில் படிகள் இருக்கின்றன. வயது, நேரம், நின்ற இடம், கடைசியாகத் தண்ணீர் குடித்தது எப்போது, காலில் செருப்பு இருந்ததா, சர்க்கரை உண்டா. பெயர் கேட்க வேண்டாம். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமென்று தோன்றினால் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.